கணினியில் சுழன்ற என் பெருந்தமனி

இந்த நோய் தெரியவருவதற்கு முன் நான் எந்த நிலையில் இருந்தேன் என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். பொறியியல் கல்லூரி ஒன்றில் கட்டமைப்புப் பொறியியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். தாம்பரத்துக்குத் தெற்கே நிற்கும் மேல்நிலை நீர்த்தொட்டிகள் பலவற்றின் வரைபடங்கள் என் கையெழுத்துக்குப் பிறகே கட்டுமானத்துக்குப் போயின. அவற்றில் ஒன்றுகூட இன்றுவரை கசிந்ததில்லை. சேலையூரில் நாங்கள் குடியிருக்கும் காலனியின் நலச்சங்கத்துக்குப் போட்டியின்றித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறேன். தெருவுக்குள் வெள்ளம் புகுந்தபோது படகு வரும்வரை மொட்டை மாடியில் எல்லோரையும் அமைதியாக உட்கார வைத்தவர் பேராசிரியர்தான் என்று காலனியில் சொல்வார்கள். புகைப்பழக்கத்தை நடு வயதிலேயே விட்டவன். காலையில் ஏரிக்கரை வரை நடக்கிறவன். நான் பதறி எவரும் பார்த்ததில்லை.

கடைசியாகச் சொன்ன அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நான் உயிரைப் பணயம் வைத்தேன். அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் ஒரு வலி இருந்தது. சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று குடும்ப மருத்துவர் வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் நிலையம். வயிற்றில் பசையைத் தடவிய இளம் மருத்துவர், எங்கள் காலனியில் இப்போதும் தண்ணீர் லாரிதானா என்று பேச்சுக் கொடுத்தபடியே கருவியை நகர்த்திக்கொண்டிருந்தார். தொப்புளுக்குச் சற்று மேலே வந்ததும் பேச்சு நின்றது. அதே இடத்தில் மறுபடி அழுத்தினார்; சாய்த்து அழுத்தினார்.

"சார், அப்படியே இருங்க. இன்னொரு டாக்டரும் ஒரு தடவை பாக்கட்டும்."

அந்த இன்னொருவர் வரும்வரை கூரையில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வெறும் கல் என்றால் இரண்டாமவரைக் கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்கு விளங்கியது. உள்ளங்கை இரண்டும் ஈரமாகிவிட்டன. எழுந்ததும் துடைத்துக்கொண்டேன்.

கல் இருந்தது, சில நாட்களில் தானாகவே வெளியேறியும் விட்டது. ஆனால் கல்லைத் தேடப் போன இடத்தில் வேறொன்று அகப்பட்டது. இதயத்திலிருந்து புறப்பட்டு வயிற்றின் பின்பக்கமாக இறங்கும் மிகப் பெரிய ரத்தக்குழாய்க்குப் பெருந்தமனி என்று பெயர். மருத்துவர்கள் அயோர்ட்டா என்பார்கள். கட்டைவிரல் பருமனில் இருக்க வேண்டிய அந்தக் குழாய், எனக்கு ஓரிடத்தில் எலுமிச்சம்பழ அளவையும் தாண்டிப் புடைத்திருந்தது. இதற்கு அனியூரிசம் என்று பெயர். சைக்கிள் ட்யூபில் நைந்துபோன ஓரிடம் காற்றடித்ததும் உப்பி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் வலிக்காது, வெளியே தெரியாது. வெடித்தால், மருத்துவமனை வாசலை எட்டுவதே அரிது.

குழாயின் சுவர் எவ்வளவு இழுவிசையைத் தாங்குகிறது என்பதை உள் அழுத்தமும் ஆரமும் தடிமனும் தீர்மானிக்கின்றன. இதை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். வீடு திரும்பும் வழியில், ஆட்டோ ஒவ்வொரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் அந்தச் சூத்திரம் என் வயிற்றுக்குள் ஏறி இறங்கியது. மனைவி தனலட்சுமி, "மெதுவா போப்பா" என்று ஓட்டுநரிடம் சொன்னாள். "அவன் வேகம் சரியாகத்தான் இருக்கிறது" என்றேன்.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ரத்தக்குழாய் அறுவை மருத்துவரைப் பார்ப்பதற்கான காத்திருப்புக் கூடத்தில் எல்லா நாற்காலியும் நிரம்பியிருந்தது. மறைமலை நகரில் கார் தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கும் என் மருமகன் பிரகாஷ் எனக்கு மட்டும் ஒரு நாற்காலியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு சுவரில் சாய்ந்து நின்றான். பக்கத்து நாற்காலியில் என் வயதை ஒத்த ஒருவர், பருத்த உடல், கழுத்தில் தடித்த சங்கிலி. கூடுவாஞ்சேரிப் பக்கம் நிலபுலன்கள் உள்ள ஏழுமலை என்று அவரே அறிமுகம் செய்துகொண்டார்; காலில் ரத்த ஓட்டம் அடைத்திருக்கிறதாம்.

"உங்களுக்கு இன்னா சார்?"

சொன்னேன்.

"வயித்துக்குள்ள பலூனா? யப்பா. கேக்கவே எனக்குக் கொல நடுங்குது. உங்களுக்கு பேஜாரா இல்ல?"

"இல்லை."

"நெஜமாவா? நான்லாம் காலையில இருந்து முருகா முருகான்னுகினு கீறேன். எங்க வூட்டம்மா சொல்லுது, உன் சத்தத்துல முருகனே எந்திரிச்சு ஓடிடுவான்னு."

அருகில் நின்ற தனலட்சுமி சிரித்துவிட்டாள். நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை இரண்டாம் முறையாகப் படித்தேன்.

உள்ளே போவதற்கு முன் செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்று எழுபத்தெட்டு. திரும்பவும் பார்த்தார், ஏறத்தாழ அதேதான். அறுவை மருத்துவர் நாற்பதுகளில் இருப்பவர், நிதானமாகப் பேசுபவர். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு அழுத்தத்தின் எண்ணைப் பார்த்தார்.

"வீட்ல பி.பி. பாக்கிற பழக்கம் உண்டா சார்?"

நான் வாய் திறப்பதற்குள் தனலட்சுமி, "வாரா வாரம் பாக்குறோம் டாக்டர். நூத்தி முப்பதைத் தாண்டாது" என்றாள்.

"சில பேருக்கு ஹாஸ்பிட்டல் வாசலை மிதிச்சாலே ஏறும். உள்ளுக்குள்ள ஒரு பயம். அப்படி ஏதாவது இருக்கா சார் உங்களுக்கு?"

அறையில் மூன்று பயிற்சி மருத்துவர்கள் நின்றிருந்தார்கள். மருமகன் நின்றிருந்தான்.

"அப்படி எதுவும் இல்லை" என்றேன். "வீட்டில் இருப்பது பழைய கருவி. அதன் அளவைச் சரிபார்த்துப் பல காலம் ஆகிறது. அதை நம்ப வேண்டாம். உங்கள் கருவி காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்."

தனலட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மருத்துவர் தலையசைத்து, நீடித்த உயர் ரத்த அழுத்தம் என்று எழுதிக்கொண்டார். அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவரவும் மேற்கொண்டு சோதிக்கவும் அன்றே அனுமதித்தார்கள்.

சி.டி. ஸ்கேன் பற்றிச் சிலர் கேட்டார்கள். கையில் ஊசி வழியாகச் சாயம் செலுத்துவார்கள். ரத்தக்குழாய் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காக. தொண்டையிலிருந்து அடிவயிறு வரை வெந்நீர் இறங்குவது போல் ஒரு சூடு பரவும். உடை நனைந்துவிட்டதோ என்ற கூச்சம் வரும், நனைந்திருக்காது. மூச்சைப் பிடிக்கச் சொல்லும் குரல் ஒலிபெருக்கியில் வரும். மூச்சைப் பிடித்த நேரத்தில், சூடு பரவிய அந்த வயிற்றுக்குள் ஏதோ கிழிந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். கை விரல்களை எண்ணினேன். விடச் சொன்னபோது விட்டேன்.

மறுநாள் என்னையும் குடும்பத்தாரையும் ஓர் அறைக்கு அழைத்தார்கள். அங்கே கணினியின் முன் கவிதா என்ற ஆராய்ச்சியாளர் உட்கார்ந்திருந்தார். மருத்துவப் பொறியியல் படித்தவர். இந்த மருத்துவமனைக்காக நோயாளிகளின் ரத்தக்குழாய்களைக் கணினியில் உருவாக்கிச் சோதிப்பது அவர் வேலை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"எங்கப்பா உங்க ஸ்டூடண்ட் சார். நீங்க வைவாவுக்கு உள்ள வந்தாலே பசங்களுக்குக் கை நடுங்குமாம். இன்னிக்கு உங்களைப் பாக்கப் போறேன்னு சொன்னதுக்கே அப்பா சேர்ல நிமிர்ந்து உக்காந்துட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் புன்னகை செய்தேன். வீட்டிலிருந்து போட்டு வந்த கால்சட்டையின் பைக்குள் விட்டிருந்த கையை வெளியே எடுக்கவில்லை.

திரையில் என் பெருந்தமனி தனியாகச் சுழன்றது. எலும்பு இல்லை, தோல் இல்லை, நான் இல்லை. சாம்பல் வெளியில் ஒரு வளைந்த குழாயும் அதன் நடுவே ஒரு புடைப்பும் மட்டும். ஸ்கேன் படங்களை அடுக்கி இந்த உருவத்தை எழுப்புகிறார்கள். பிறகு அதன் சுவரைக் கணக்கில் அடங்காத சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். உள்ளேயிருந்து ரத்தம் தள்ளும்போது ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கணினி கணக்கிடுகிறது. குறைவான இடம் நீலம், அதிகமான இடம் சிவப்பு.

"எங்க கம்பெனியிலயும் இதேதான் மாமா" என்றான் பிரகாஷ். "கார் மோதுறதை கம்ப்யூட்டர்லயே மோதிப் பாத்துடுவோம். நிஜக் காரை உடைக்க வேணாம்."

"நான் கார் இல்லை" என்றேன்.

நீர்த்தொட்டிகளுக்கு இதே வகைக் கணக்கை நானும் செய்திருக்கிறேன். தொட்டியின் படத்தில் சிவப்பு தெரிந்தால் கம்பியைக் கூட்டச் சொல்வேன். மதிய உணவுக்குப் போய்விடுவேன். இந்தப் படத்தில் புடைப்பின் பின்பக்கத்தில், முதுகெலும்பை நோக்கிய இடத்தில், திரையில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு படர்ந்திருந்தது. கவிதா உருவத்தைச் சுழற்றினார். சிவப்பு மறைந்து, மறுபடி வந்தது. என் முதுகு அந்த இடத்தில் சுட்டது. அங்கே வலி எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சுட்டது.

அறுவை மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. "இந்த மாடல் இன்னும் ரிசர்ச் அளவுலதான் இருக்கு சார். இதை மட்டும் வெச்சு நான் கத்தியை எடுக்க மாட்டேன். ஆனா உங்களுக்கு சைஸ் பார்டர்லைன். மாத்திரை குடுத்தும் பிரஷர் இறங்கல. மாடல்லயும் ஸ்ட்ரெஸ் ரொம்ப அதிகமா காட்டுது. மூணையும் சேத்துப் பாத்தா, வெயிட் பண்றதை விட பண்ணிடறது நல்லதுன்னு தோணுது."

தொடையில் சிறு துளையிட்டு உள்ளே உறை பொருத்தும் எளிய முறை எனக்குப் பொருந்தாது என்றார். புடைப்புக்கு மேலுள்ள பகுதி குட்டையாக இருப்பதால் உறை பிடித்து நிற்காதாம். வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டும். இந்த வயதில் அதற்கு என்னென்ன ஆபத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இதயம், சிறுநீரகம், குடல். தனலட்சுமி என் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். பிறர் பார்வைக்கு நான்தான் அவளைத் தாங்குவது போல் இருந்திருக்கும்.

அதற்குப் பிந்தைய நாட்களை விவரிப்பது கடினம். என்னை வாட்டியது வலி அல்ல, ஒரு சுழல். பயந்தால் ரத்த அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் அந்தச் சிவப்பு இடம் மேலும் இழுபடும். இது தெரிந்ததால் பயம் கூடியது. கைப்பட்டையைச் சுற்ற செவிலியர் வரும் காலடி கேட்டாலே காதுக்குள் துடிப்பு கேட்டது. அந்தத் துடிப்பு ஒவ்வொன்றும் அந்தச் சுவரின் மேல் விழும் அடி என்று எனக்குத் தெரியும். விமானப்படைத் தளத்துக்கு மேலே பயிற்சி விமானம் உறுமிச் சுற்றும்போதெல்லாம் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டேன். தும்மலை அடக்கினேன். காப்பீட்டு ஒப்புதலுக்கு மகளும் மருமகனும் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் அலைந்ததைப் பிறகுதான் அறிந்தேன். மகள் வசந்தி தினமும் வேலை முடித்து, பெருங்களத்தூர் நெரிசலைக் கடந்து, உப்பில்லாத ரசத்தை ஃபிளாஸ்கில் கொண்டுவந்தாள். நன்றாக இருக்கிறது என்று ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம்.

ஏழுமலையையும் அனுமதித்திருந்தார்கள்; அவருக்கு என் அறைக்கு அடுத்த அறை. நடக்கும் பயிற்சி என்று சொல்லி என் அறைக்கு வருவார்.

"டாக்டர் இன்னிக்கு வந்தாரு சார். எனக்கு பயமா கீதுன்னு பச்சையா சொல்ட்டேன். ஒரு மாத்திரை குடுத்தாரு. கும்முனு தூங்கிட்டேன். நீங்களும் கேட்டு வாங்கிக்கங்க. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது."

"எனக்குத் தேவைப்படவில்லை."

"அது சரி. உங்க தெகிரியம் யாருக்கு வரும்" என்று சொல்லி தனலட்சுமியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். அந்த மரியாதைக் குறைவை நான் கண்டுகொள்ளவில்லை.

அறுவைக்கு நாள் குறித்த பின், ஒரு மாலை வீட்டுக்குப் போய்வந்த தனலட்சுமி சாப்பாட்டுக் கூடையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தாள். எங்கள் வீட்டு ரத்த அழுத்தக் கருவி. அறையில் எங்களைத் தவிர எவரும் இல்லை.

"கீழ நர்ஸ்கிட்ட என் கையில ரெண்டு மெஷின்லயும் பாக்கச் சொன்னேங்க. ரெண்டுலயும் ஒண்ணுதான் காட்டுது."

நான் கருவியைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தினேன்.

"நம்ம மெஷின் நல்லாத்தான் இருக்கு. வீட்ல நூத்தி முப்பது, இங்க நூத்தி எழுவத்தெட்டுன்னா என்ன அர்த்தம்னு எனக்கே தெரியுது. நீங்க படிச்சவரு. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல எதைப் போட்டிருக்குன்னு கேட்டீங்களா?"

"நீயே மருத்துவரிடம் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். நான் சொன்னா உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதனாலதான் அன்னிக்கும் சும்மா இருந்தேன். இனிமே சும்மா இருக்க மாட்டேன். நாளைக்கு ரவுண்ட்ஸ்ல நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

மாணவர்கள் ஒரு கணக்கின் விடையோடு வந்தால், விடையைப் பார்க்குமுன் என்ன சுமை கொடுத்தாய் என்றுதான் கேட்பேன். என் துறையில் படித்தவர்கள் எவரும் இதை மறந்திருக்க மாட்டார்கள். என் உடலின் கணக்கில் அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் மறதி அல்ல. விடை எனக்குத் தெரியும்.

இன்னொரு பக்கமும் இருந்தது. வீட்டு எண்ணைச் சொல்லி, அதைக் கொண்டு கணக்கைத் திருப்பிப் போட்டு, சிவப்பு குறைந்து, அறுவை தள்ளிப்போய், அதன் பிறகு ஒரு நாள் அது வெடித்தால்? சொல்வதும் பயம், சொல்லாததும் பயம்.

மறுநாள் காலை மருத்துவர் பயிற்சி மருத்துவர்கள் சூழ வந்தார். கவிதாவும் உடனிருந்தார். தனலட்சுமி ஜன்னலோரம் நின்று புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கணக்கில் எந்த அழுத்தத்தைச் சுமையாகக் கொடுத்தீர்கள்?" என்று கவிதாவிடம் கேட்டேன்.

"வார்டு ரீடிங்தான் சார். நூத்தி எழுபத்தெட்டு."

"அது என் வழக்கமான அழுத்தம் அல்ல. வீட்டுக் கருவியில் பழுது இல்லை. நான் தவறான தகவல் கொடுத்தேன்."

மருத்துவர் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

பயிற்சி மருத்துவர்களில் ஒருவர் பேனாவை எடுத்தது தெரிந்தது.

"இங்கே வந்த நேரத்திலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போதும் இருக்கிறது" என்றேன். என் குரல் என் குரலாக இல்லை. கையைப் பைக்குள் விட்டுக்கொள்ள மருத்துவமனை அங்கியில் பை கிடையாது. எல்லோரும் பார்த்தார்கள். கவிதாவும் பார்த்தார்.

சிரிப்பு எதுவும் எழவில்லை. மருத்துவர், "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க வேற மாதிரி பாத்திருப்போம் சார். பரவால்ல, இப்பவாவது சொன்னீங்களே" என்றார். பிறகு ஒரு பகலும் ஓர் இரவும் இடைவிடாமல் அழுத்தத்தைப் பதிவு செய்யும் சிறு கருவியை என் கையில் கட்டி, வீட்டுக்கே அனுப்பினார். என் கட்டிலில், என் தலையணையில், தனலட்சுமி பக்கத்தில் படுத்திருக்க, பட்டை இறுகி இறுகித் தளர்ந்தது. பல நாட்களுக்குப் பிறகு தூங்கினேன்.

கருவி காட்டிய சராசரி, வீட்டுக் கருவி காட்டியதற்கு மிக அருகில் இருந்தது. அந்தச் சுமையில் கவிதா கணக்கை மறுபடி நடத்தினார். திரையில் அதே குழாய், அதே புடைப்பு. சிவப்பு வடிந்து ஆரஞ்சும் மஞ்சளுமாக நின்றது. நீலமாகிவிடவில்லை. மருத்துவர் எல்லாவற்றையும் வைத்து யோசித்து, இப்போதைக்குக் காத்திருக்கலாம் என்றார். மாத்திரைகள், அரையாண்டுக்கு ஒரு ஸ்கேன், பளு தூக்கக் கூடாது. பதற்றத்துக்கும் ஒரு மாத்திரை எழுதினார், மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். புறப்படும்போது ஏழுமலை வாசல்வரை வந்து, "இன்னா சார், மொகம் தெளிஞ்சிட்டுது" என்றார். மாத்திரையின் பெயரைச் சொன்னேன். "அட, நம்ம மாத்திரைதான்" என்றார்.

அதன் பின் நடந்ததற்காகவே இதை எழுத நேர்ந்தது. மருமகன் அன்பு மிகுதியால் காலனி வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டான். கணினி செய்த தவறைப் பேராசிரியர் படுக்கையிலிருந்தே கண்டுபிடித்து, நடக்கவிருந்த பெரிய அறுவையை நிறுத்திவிட்டார் என்று. அது பக்கத்துக் காலனிகளுக்கும் பரவியது. நலச்சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் செயலாளர் அறிவித்திருக்கிறார். கவிதாவின் தந்தை தொலைபேசியில் அழைத்து, "சார், மெஷினையே வைவால ஃபெயில் பண்ணிட்டீங்களாமே" என்றார்.

பொன்னாடை வேண்டாம். கணினி தவறு செய்யவில்லை. அந்தப் பெண்ணும் தவறு செய்யவில்லை. கொடுத்த சுமைக்கு அது சரியான விடையையே தந்தது. தவறான சுமையைக் கொடுத்தவன் நான். அதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. அறுவை நிற்கவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. புடைப்பு இருந்த இடத்தில் இருக்கிறது. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.